தூக்கிய ஜீப், கூட்டிய பட்டை: வண்டியை மாற்றினால் சட்டம் எதைப் பார்க்கும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வண்டியை உயர்த்த நினைப்பவர்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் பக்கம் மழை பெய்து ஓய்ந்ததும் சில தடங்களில் வண்டியின் அடிவயிறு கல்லில் உரசும். பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி ஏற்றும் பிக்கப்காரருக்குப் பின்பக்கம் அமுங்காமல் இருக்க வேண்டும். பட்டறையில் அரை நாளில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த வண்டி பொதுச் சாலைக்கு வரலாமா என்ற கேள்வி மட்டும் யாரும் கேட்காமலே நின்றுவிடுகிறது. சோதனையில் நிறுத்தும்போதோ, விபத்துக்குப் பின் காப்பீட்டு சர்வேயர் வரும்போதோதான் அது எழுகிறது. அப்போது எழுந்தால் பணமும் போகும், சில சமயம் உயிரும் போயிருக்கும். ஆகவே அடிப்படையை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சட்டத்துக்குத் தெரிந்த வண்டி எது

ஒரு மாடலை விற்பனைக்குக் கொண்டுவரும் முன் நிறுவனம் அதன் மாதிரி வண்டியைச் சோதனை மையத்துக்கு அனுப்ப வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் விதி 126 இதைச் சொல்கிறது. புனேயிலும் மானேசரிலும் நம் ஒரகடத்திலும் அப்படிப்பட்ட மையங்கள் உள்ளன. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, கண்ணாடி, ஹாரன், புகை, சத்தம் என்று ஒவ்வொன்றும் அங்கே அளக்கப்படும். அதில் தேறிய வடிவத்துக்குக் கிடைப்பதுதான் வகை ஒப்புதல். பிறகு ஷோரூமில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு வண்டியோடும் 'இது அந்த ஒப்புதல் பெற்ற வடிவமே' என்று நிறுவனம் படிவம் 22-இல் எழுதித் தருகிறது. அதை வைத்துத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகம் ஆர்.சி. கொடுக்கிறது.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். ஆர்.சி. என்பது ஒப்புதல் பெற்ற வடிவத்தின் சுருக்கக் குறிப்பு. என்ஜின் எண், சேசிஸ் எண், நிறம், இருக்கைகள், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்), எடை, எரிபொருள் என்று சில விவரங்கள்தாம் அதில் இருக்கும். வண்டியின் முழு ஜாதகம் நிறுவனத்தின் ஒப்புதல் ஆவணத்தில் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52 சொல்வது இதுதான்: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 'மாற்றம்' என்பதற்கும் அதே பிரிவு விளக்கம் தருகிறது. வண்டியின் கட்டமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படைத் தன்மையை வேறாக்கும் மாறுதல் எதுவோ அதுவே மாற்றம். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே வாசித்தது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றத்துக்கு அனுமதி இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இது மத்தியச் சட்டம் என்பதால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தாலும் இதே பிரிவுதான்.

இங்கே பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு: "ஆர்.சி.யில் கிரவுண்ட் கிளியரன்ஸே (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) போடவில்லை, அப்புறம் லிஃப்ட் பண்ணினால் எப்படித் தப்பு?" கேள்வி நியாயமாகத்தான் படும். நம் சட்டத்தில் 'இத்தனை அங்குலம் வரை உயர்த்தலாம்' என்ற அட்டவணையும் கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பம்பர் உயரத்துக்கும் சேசிஸ் உயரத்துக்கும் உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'மூன்று அங்குலம் வரை சரி' என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். நம்மிடம் அளவு குறிப்பிடப்படவில்லை என்பதால் எந்த அளவும் தானாக அனுமதி பெற்றுவிடாது. ஆய்வாளரும் நீதிமன்றமும் கேட்பது, 'இது இன்னமும் அந்தச் சோதனையில் தேறிய வண்டிதானா?' என்பதே. அதற்கு ஆர்.சி.யில் ஒரு வரி இல்லாதது பதிலாகாது. லிஃப்ட் எதையெல்லாம் மாற்றுகிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

லிஃப்ட் செய்யும்போது உள்ளே என்ன மாறுகிறது

உயர்த்தும் வழிகள் மூன்று. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது பாடி லிஃப்ட். ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைப்பது, உயரமான காயில் ஸ்பிரிங் போடுவது, பின்அச்சுக்கும் பட்டைக்கும் (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) நடுவே இரும்புக் கட்டை வைப்பது, பட்டையின் நுனியைச் சேசிஸோடு பிணைக்கும் ஷேக்கிளை நீளமாக்குவது எல்லாம் சஸ்பென்ஷன் லிஃப்ட். பெரிய டயர் மாட்டுவது மூன்றாவது.

முதலில் ஈர்ப்பு மையம். தட அகலத்தின் (இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வண்டி கவிழாமல் நிற்கும் திறனுக்கு ஒரு எண் கிடைக்கும். தட அகலம் 152 செ.மீ., மையம் 70 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 76-ஐ 70-ஆல் வகுத்தால் 1.09. மூன்று அங்குல லிஃப்ட்டில் மையம் சுமார் 7 செ.மீ. ஏறினால் 0.99 ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. கூரை மேல் சாமான் ஏற்றினால் இன்னும் போகும். தொப்பூர் கணவாயில் வளைவில் திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடிக்கும் நொடியில் இந்தப் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும். வண்டி சறுக்கும்போது தானே பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் அதன் கணக்கே பழைய உயரத்துக்கு எழுதப்பட்டது.

அடுத்தது முன்சக்கரக் கோணம். அச்சு கீழே இறங்கும்போது கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, நான்கு வழிச் சாலையில் வண்டி அலையும். முழு அச்சு உள்ள ஜீப்புகளில் ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டிராக் லிங்க் சாய்ந்து நின்றுவிடுவதால் குழியில் இறங்கி ஏறும்போது ஸ்டீயரிங் தன் போக்கில் இழுக்கும். அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடு உள்ளவற்றில் அச்சே ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடினால் யுனிவர்சல் ஜாயின்ட் அதிரும், சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் பழைய நீளத்திலேயே இருக்கும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் இழுபட்டால் ஒருநாள் அது பிய்யும். முன்அச்சில் பட்டைக்கு அடியில் கட்டை வைப்பதை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது முன்அச்சு முறுக்கும் விசையில் அந்தக் கட்டை பிதுங்கி வெளியே வரலாம்.

மூன்றாவது, எதிரே வருபவரின் கண். முன்பக்கத்தை மட்டும் 5 செ.மீ. உயர்த்தி வண்டியைச் 'சமன்' செய்வது இப்போது பரவலாக நடக்கிறது. வீல்பேஸ் 2,450 மி.மீ. உள்ள வண்டியில் அது 2 சதவீத மேல்நோக்கிய சாய்வு. டிப் விளக்கைச் சாதாரணமாக 1 சதவீதம் கீழ்நோக்கி வைத்திருப்பார்கள். கூட்டிக் கழித்தால் டிப் ஒளி இப்போது 1 சதவீதம் மேல்நோக்கிப் போகிறது. 40 மீட்டர் தூரத்தில் அது விளக்கின் மட்டத்தைவிட 40 செ.மீ. மேலே இருக்கும். விளக்கு 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஒளி 1.3 மீட்டரில் விழும். காரில் வருபவர் கண்ணும் பைக்கில் வருபவர் கண்ணும் ஏறத்தாழ அங்கேதான் இருக்கும். ஓட்டுநர் தான் டிப்பில்தான் ஓட்டுகிறேன் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

பாடி லிஃப்ட்டில் சஸ்பென்ஷன் கோணங்கள் மாறாது. ஆனால் ஸ்டீயரிங் ஷாஃப்ட், கியர் லீவர், ரேடியேட்டர் ஹோஸ், பாடியைப் பிடிக்கும் போல்ட் எல்லாம் நீளும். மோதலில் பாடி சேசிஸிலிருந்து கழன்றுகொள்ளும் வாய்ப்பு கூடும். கட்டமைப்பு மாற்றம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை.

பம்பர் உயரத்தையும் மறக்க வேண்டாம். கார்களின் முன்பக்க அடிச்சட்டம் இன்னொரு காரின் அடிச்சட்டத்தோடு மோதும்படி அமைந்திருக்கிறது. உயர்ந்த ஜீப் அதற்கு மேலே ஏறி இடிக்கும். லிஃப்ட் செய்தவருக்குச் சிராய்ப்பும் எதிர்க்காரில் இருந்தவர்களுக்கு மரணமும் ஆவது இதனால்தான்.

பிக்கப்பில் பட்டை கூட்டுவது

ஜீப்பைவிட நம் மாவட்டங்களில் அதிகம் நடப்பது இதுதான். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பின்பக்கம் ஒன்றோ இரண்டோ பட்டை கூடுதலாகச் சேர்த்தால் வண்டி அமுங்காது, 'தாங்குகிறது' என்று தோன்றும். பட்டை மட்டும்தான் தாங்குகிறது. அச்சு, பேரிங், டயர், பிரேக் எதுவும் பலம் கூடவில்லை. வண்டியின் மொத்த எடை வரம்பு ஆர்.சி.யில் எழுதியபடியேதான் இருக்கும். பட்டை கூட்டினாலும் அது ஒரு கிலோகூட ஏறாது.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உள்ளே இருக்கிறது. பல பிக்கப்களிலும் சிறு லாரிகளிலும் பின்பிரேக்குக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேசிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின்அச்சுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி அமுங்கினால் கம்பி வால்வைத் திறக்கும், பின்பிரேக் முழுதாகப் பிடிக்கும். வண்டி காலியாக இருந்தால் பின்சக்கரம் லாக் ஆகிச் சறுக்காமல் இருக்க வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். பட்டை கூட்டிய வண்டி முழுப் பாரத்திலும் அமுங்குவதில்லை. ஆகவே வால்வு 'வண்டி காலி' என்றே எண்ணிக்கொள்ளும். பின்பிரேக் பாதி வேலைதான் செய்யும், மீதி எல்லாம் முன்பிரேக்கின் தலையில் விழும். சமவெளியில் இது தெரியாது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது தொப்பூரில் தெரியும். முன்பிரேக் சூடேறி, புகை வாசனை வந்து, பெடல் இறங்கத் தொடங்கும். பட்டை மாற்றிய பட்டறை அந்த வால்வுக் கம்பியைத் தொட்டே இருக்காது.

உடைந்த பட்டைக்குப் பதிலாக அதே தடிமன், அதே எண்ணிக்கையில் போடுவது பழுதுபார்ப்பு. அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். போட்டபின் பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டை சுமார் 500 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்கிவிடுங்கள். புதுப் பட்டை படியும்போது போல்ட் தளரும்.

பாடிக்கு மேல் இரும்புக் கிரில் ஏற்றுவதும் இதோடு சேர்ந்தது. கிரில் 150 கிலோ என்றால் ஏற்றக்கூடிய பாரத்தில் அந்த 150 கிலோ குறைந்துபோகும். எடை மீறினால் பிரிவு 194-இன்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பாரம் பாடியைத் தாண்டிப் பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதி அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. மஞ்சள் போர்டு வண்டிகளை எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) கொண்டுபோகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் இவற்றைப் பார்ப்பார். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. அதற்காக ஒருநாள் மட்டும் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மாட்டுவது வழக்கமாக இருக்கிறது. சோதனை நாளில் இல்லாத பாகம் விபத்து நாளில் இருந்தால், சான்றிதழ் உங்களைக் காப்பாற்றாது.

டயர்

பொலிரோவில் வழக்கமாக வரும் 215/75 ஆர் 15 டயரின் விட்டம் 703 மி.மீ. அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் மாட்டினால் விட்டம் 787 மி.மீ. உயரம் கிடைப்பது பாதி வித்தியாசம்தான், 42 மி.மீ. ஆனால் சுற்றளவு 12 சதவீதம் கூடுகிறது. மீட்டரில் 80 காட்டும்போது உண்மையில் 89-க்கு மேல் போகிறீர்கள். தரநிலைப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. பிரேக் பெடலை அதே அளவு அழுத்தினாலும் தரையில் கிடைக்கும் பிடிப்பு சுமார் 10 சதவீதம் குறையும். கியர் விகிதமும் நீண்டுபோவதால் மலையேற்றத்தில் என்ஜின் திணறும்.

பாதுகாப்பான வழி, அதே மாடலின் வேறொரு வேரியண்டுக்கு நிறுவனமே பொருத்தித் தரும் அளவை எடுப்பது. கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் அந்த அளவுகள் இருக்கும். பாரக் குறியீடும் வேகக் குறியீடும் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. மட்கார்டைத் தாண்டி டயர் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கல் தெறித்துப் பின்னால் வருபவரின் முகத்தில் அடிக்கும், சோதனையில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். டயரின் காடி ஆழம் கார்களுக்கும் லாரிகளுக்கும் 1.6 மி.மீ.க்கும், இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மி.மீ.க்கும் குறையக் கூடாது.

மற்றவை, சுருக்கமாக

முன்பக்கம் எல்.இ.டி. பார்: விதி 111 ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதையே தடுக்கிறது. விசேஷ காரணம் இருந்தால் மட்டும் பதிவு அதிகாரி அனுமதிக்கலாம். 'சாலையில் மூடி போட்டிருக்கிறேன்' என்பது நல்ல பழக்கம், சட்டப்படி போதுமான பதில் ஆகாது. ஹாலோஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகுவதும் இதே தொல்லைதான். ஃபிலமென்ட் இருந்த இடத்தில் ஒளி பிறக்காததால் டிப் ஒளியின் எல்லைக்கோடு கலைந்துவிடும். முன்னால் சிவப்பு விளக்கு கூடாது.

இரும்பு பம்பர், புல் பார்: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. முன்பக்கம் நசுங்கி மோதலின் வேகத்தை விழுங்க வேண்டும். இரும்புச் சட்டம் அந்த விசையை நேராக சேசிஸுக்கு அனுப்பிவிடும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் பிசகும். குறுக்கே வந்த மனிதருக்கோ தப்பிக்கும் வாய்ப்பே இல்லாமல் போகும். பம்பர் நம்பர் பிளேட்டை மறைத்தால் அது தனிக் குற்றம்.

சைலன்சர்: 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குக்குத் தயாரிப்பு நிலையில் அனுமதித்த சத்தம் 80 டெசிபல். உள்ளே தடுப்பை வெட்டியெடுத்தால் அது எளிதாகத் தாண்டிவிடும். பல சுரம் மாறி ஒலிக்கும் ஹாரனும் காதைக் கிழிக்கும் ஹாரனும் விதி 119-இல் தடை.

பைக்கில் கைப்பிடி, பின்னால் உட்காருபவரின் கால்மிதி, பின்சக்கரத்தின் பாதியை மறைக்கும் சேலைக் காப்பு மூன்றும் விதி 123 கேட்பவை. அழகுக்காக அந்தச் சேலைக் காப்பைக் கழற்றி வீசுகிறார்கள். சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றிக்கொண்டு இழுத்துப் போட்ட சம்பவங்கள் நம் ஊர்களில் நடந்துகொண்டே இருக்கின்றன. தயவுசெய்து அதை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

கண்ணாடி: முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும். மேலே ஃபிலிம் ஒட்டுவதை 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடுத்தது.

நிறம்: மாற்றலாம், ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஜீப் பிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ராணுவத்தின் ஆலிவ் பச்சையை வேறு யாரும் பூசக் கூடாது என்று விதி 121 சொல்கிறது.

முறைப்படி மாற்றக் கூடியவை, அதற்கான வழி

சட்டம் எல்லாக் கதவையும் மூடிவிடவில்லை. ஒப்புதல் பெற்ற சி.என்.ஜி. கிட், ஆயுள் முடிந்த என்ஜினுக்குப் பதில் அதே வகை என்ஜின், சரக்கு வண்டியின் பாடி வகை, நிறம், மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்கான மாற்றங்கள் எல்லாம் முறையாகச் செய்யலாம். ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் வைப்பவர்கள் பலர் அதை ஆர்.சி.யில் ஏற்றாமலே ஓட்டுகிறார்கள். ஏற்றிவிட்டால் உரிமமும் காப்பீடும் அந்த வண்டிக்குப் பொருந்தி நிற்கும், விபத்து நேர்ந்தால் கைவிடாது. அந்த அலைச்சலைப் படுவது வீண்போகாது.

வரிசை இப்படி. வேலை தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். டி.என். 29 தர்மபுரி, டி.என். 24 கிருஷ்ணகிரி, டி.என். 70 ஓசூர். வண்டி கடனில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் முதலில் வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம் இருக்கிறது. ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, பாகத்தின் பில், அந்தப் பாகத்தின் வகை ஒப்புதல் சான்று நகல், பொருத்திய பட்டறையின் சான்று இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் 14 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்து, சேசிஸ் எண்ணை ஒப்பிட்டு, ஆர்.சி.யில் பதிவார். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்து சான்று வாங்கவும் வேண்டும்.

இதில் பலரும் இடறும் இடம் வகை ஒப்புதல் சான்று. கடைக்காரர் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று சொல்வார். கேட்க வேண்டியது, 'என் மாடலுக்கு, என் என்ஜினுக்கு வாங்கிய சான்றின் நகலைக் கொடுங்கள்' என்று. லிஃப்ட் கிட் விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் ஒட்டிய தரச் சின்னத்தைக் காட்டுவார். அது ஸ்பிரிங்கின் இரும்புக்கு, உங்கள் வண்டியின் மாற்றத்துக்கு அல்ல.

'என் மாந்தோப்புக்குள் மட்டும்தானே ஓட்டுகிறேன்' என்று கேட்பவர்களுக்கு: பொதுமக்கள் போகும் உரிமை உள்ள வழி எதுவும் சட்டப்படி பொது இடம்தான், பஞ்சாயத்து மண்பாதையும் அதில் சேரும். மேலும் பிரிவு 52 தடுப்பது ஓட்டுவதை அல்ல, மாற்றுவதையே. தோப்பிலிருந்து தோப்புக்கு வண்டியை லாரியில் ஏற்றிப் போனால் சாலைச் சோதனை வராது, அவ்வளவுதான். ஓசூர் வனக்கோட்டப் பாதைகளில் அனுமதியின்றி நுழைவது முற்றிலும் வேறு குற்றம், அதன் தண்டனையும் கடுமையானது.

மீறினால்

2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ உரிமையாளரை நேரடியாகப் பிடிக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள். லிஃப்ட், பம்பர், டயர், சைலன்சர் நான்கும் சேர்ந்தால் 20,000. தயாரிப்பாளரோ டீலரோ மாற்றி விற்றால் ஒரு வண்டிக்கு ஒரு லட்சம். சத்தம், புகை, சாலைப் பாதுகாப்புத் தரம் மீறினால் பிரிவு 190-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, அதோடு ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் முடங்குவதும் உண்டு.

அபராதத்தைவிடக் கனமானது பிரிவு 53. வண்டி பொதுமக்களுக்கு ஆபத்து என்று பதிவு அதிகாரி கருதினால், உங்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, குறையைச் சரிசெய்யும்வரை ஆர்.சி.யை நிறுத்தி வைக்கலாம். ஆறு மாதம் அப்படியே கிடந்தால் பதிவையே ரத்து செய்யலாம்.

காப்பீட்டில் சொந்தச் சேதத்துக்கான தொகை கேட்கும்போது சர்வேயர் மாற்றங்களைப் படம் எடுத்துக் குறிப்பெழுதுவார். நிறுவனத்துக்குத் தெரிவிக்காத கட்டமைப்பு மாற்றம் விபத்துக்குக் காரணமாக இருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். லிஃப்ட் செய்து கவிழ்ந்த வண்டியில் அந்தக் காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

ஏற்கெனவே மாற்றிய வண்டி கையில் இருந்தால்

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் முதலில் சேசிஸில் பொறித்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். வெல்டிங் தழும்போ, தேய்த்துப் பொறித்த எழுத்தோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெளிமாநிலத்தில் உதிரி பாகங்களைக் கோத்துத் திறந்த ஜீப்பாகக் கட்டி, வேறொரு வண்டியின் ஆர்.சி.யோடு விற்பது உண்டு. அதை இங்கே பெயர் மாற்றவே முடியாது. வீல்பேஸை டேப் வைத்து அளந்து ஆர்.சி. எண்ணோடு பாருங்கள், இருக்கைகளை எண்ணுங்கள், எரிபொருளையும் என்ஜின் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

மாற்றியது உங்கள் வண்டியே என்றால் திரும்பப் பழையபடி கொண்டுவருவது அவ்வளவு கஷ்டமில்லை. கழற்றிய ஸ்பிரிங், பம்பர், டயரைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருந்தால் செலவும் குறைவு. ஸ்பேசரும் கட்டையும் எடுத்து நிறுவன ஸ்பிரிங்கைப் பொருத்துங்கள். ஷாக், யூ போல்ட், புஷ் எல்லாம் பழைய அளவுக்கு வர வேண்டும். பிரேக் ஹோஸில் இழுபட்ட தடம் இருந்தால் புதிதாகப் போடுங்கள். பாரமறியும் வால்வின் கம்பியைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். அதன்பின் நான்கு சக்கர அலைன்மென்ட், கடைசியாக ஹெட்லைட் சரிபார்ப்பு. சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினால், டிப் ஒளியின் மேல்கோடு விளக்கின் மையத்தைவிட 10 செ.மீ. கீழே விழ வேண்டும். பில்களைப் பத்திரமாக வையுங்கள். ஆர்.சி. நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், அந்த பில்களோடு வண்டியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஆய்வாளரிடம் காட்டி, நிறுத்தத்தை விலக்கிய ஆணையை எழுத்தில் வாங்கிய பிறகே சாலையில் ஓட்டுங்கள்.